மாளிகையின் பின்கட்டில் 3 கட்டில்கள்

ரோமாபுரி சீமான்களின் பங்களாவும், அங்கே உழைத்த அடிமைகளும்

பழைய ரோமாபுரியின் சீமான்களுக்கு நகரத்தில் ஒரு வீடு இருந்தால் போதாது. கடற்கரையில் ஒரு பங்களா வேண்டும். மலை அடிவாரத்தில் ஒரு பங்களா வேண்டும். அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டமும், வயலும் வேண்டும். இந்தப் பண்ணை பங்களாவுக்கு "வில்லா" என்று பெயர்.

முன்கட்டு எஜமானருக்கு. அங்கே வழவழப்பான தரை, வண்ணச் சித்திரம் தீட்டிய சுவர், வெந்நீர்க் குளியல் அறை எல்லாம் உண்டு. பின்கட்டில் ரசம் பிழியும் ஆலை, மதுச் சாடிகள், குதிரை லாயம்.

பிளினி என்ற பிரபு, ரோமில் இருந்து 17 மைல் தூரத்தில் கடல் ஓரமாக ஒரு வில்லா வைத்து இருந்தார். அதன் அழகை வர்ணித்து நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெந்நீர்க் குளத்தில் நீந்திக் கொண்டே கடலைப் பார்க்கலாமாம்! அவருக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒரு தனி அறை. காரணம் என்ன தெரியுமா? அடிமைகள் பேசும் சத்தம் அந்த அறைக்குக் கேட்காது!

பிரபு கடிதம் எழுதினார். அது இன்றும் இருக்கிறது. அந்த அடிமைகள்?

சாம்பல் மூடிய வீடு

இத்தாலியில் பாம்பி நகரத்தின் மதில் சுவருக்கு வெளியே, சுமார் 700 மீட்டர் தூரத்தில், சிவிதா ஜூலியானா என்ற இடம் இருக்கிறது. அங்கே பெரிய வில்லா ஒன்று இருந்தது. கி. பி. 79-ம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்தது. பாம்பியோடு சேர்ந்து அந்த வில்லாவும் சாம்பலில் புதைந்தது.

புதையல் திருடர்கள் அங்கே சுரங்கம் தோண்டித் திருடி வந்தார்கள். அதைத் தடுப்பதற்காக 2017-ம் ஆண்டில் அரசாங்கமே தோண்டத் தொடங்கியது.

முதலில் லாயம் தெரிந்தது. சேணம் பூட்டிய குதிரை ஒன்று அதில் செத்துக் கிடந்தது. 2021-ம் ஆண்டு தொடக்கத்தில், வெண்கலச் சித்திர வேலை செய்த 4 சக்கரத் தேர் கிடைத்தது. திருடர்களின் சுரங்கம் அதன் பக்கத்திலேயே சென்று இருந்தது. ஆனாலும் தேர் தப்பி விட்டது! உலகம் முழுவதும் பத்திரிகைகளில் அதன் படம் வந்தது.

அதே ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சிறிய அறையைக் கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால், தேரைவிட அதுதான் பெரிய புதையல்.

சின்னக் கட்டில்

அறையின் அளவு சுமார் 170 சதுர அடி. உயரத்தில் ஒரு சிறிய ஜன்னல். சுவரில் சித்திரம் எதுவும் இல்லை. அதில் 3 மரக் கட்டில்கள். பலகைச் சட்டம் அடித்து, குறுக்கே கயிறு கட்டி இருந்தார்கள். மெத்தை கிடையாது.

மரமும் கயிறும் எப்படி இத்தனை காலம் இருந்தன என்று கேட்கலாம். அவை மட்கிப் போய் விட்டன. ஆனால், இறுகிப் போன சாம்பலில் அவை இருந்த இடம் அப்படியே பொந்தாக நின்றது. பொந்துக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினார்கள். அது இறுகியதும், கட்டில் பழைய வடிவத்தில் வந்து விட்டது. கயிற்றின் முறுக்குகூடத் தெரிகிறது.

2 கட்டில்கள் ஐந்தரை அடி நீளம். மூன்றாவது கட்டில் நாலரை அடிதான். அதில் ஒரு சிறுவனோ சிறுமியோ படுத்து இருக்கலாம்.

தூங்கும் இடமும் அவர்களுக்கு முழுமையாகச் சொந்தம் அல்ல. மூலையில் எஜமானரின் 8 சாடிகளை அடுக்கி வைத்து இருந்தார்கள். பெட்டியில் குதிரைச் சேணத்தின் சாமான்கள். தேரின் ஏர்க்காலை ஒரு கட்டிலின் மேலேயே சாத்தி வைத்து இருந்தார்கள்.

2023-ம் ஆண்டு இன்னோர் அறை கிடைத்தது. அங்கே 2 கட்டில்கள். ஒன்றில் மெத்தை இருந்தது. மற்றதில் கயிறு மட்டுமே. அடிமைகளுக்குள்ளும் மேல், கீழ்! கட்டிலுக்கு அடியில் இருந்த குடத்தில் ஓர் எலியின் எலும்புகள் கிடந்தன.

கிழ மாடும் கிழ அடிமையும்

கேட்டோ என்ற ரோமாபுரித் தலைவர், கி. மு. 2-ம் நூற்றாண்டில், பண்ணை நடத்துவது பற்றிப் புத்தகம் எழுதினார். அடிமைக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சட்டையும், ஒரு போர்வையும் கொடுத்தால் போதும் என்கிறார். புதியதைக் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக் கொள்ள வேண்டுமாம், ஒட்டுப் போட உதவும் என்று. கிழ மாட்டை விற்று விட வேண்டும். கிழ அடிமையையும், நோயாளி அடிமையையும்கூட விற்று விட வேண்டும் என்பதும் அந்தப் புண்ணியவானின் யோசனைதான்.

இரண்டு பேர்

இந்த வில்லாவில், 2020-ம் ஆண்டு நவம்பரில், 2 மனிதர்களின் உருவங்களும் கிடைத்தன. அவையும் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தவைதான்.

ஒருவருக்கு வயது 30-க்கு மேல். கம்பளிப் போர்வை அணிந்து இருந்தார். இன்னொருவன் இளைஞன். 25 வயதுக்கு உள்ளேதான் இருக்கும். குட்டைச் சட்டை. அந்த வயதிலேயே அவனுடைய முதுகெலும்பு நசுங்கி இருந்தது. பாரம் சுமந்து, கடும் வேலை செய்த அடிமையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

போர்வைக்காரர் எஜமானராக இருக்கக்கூடும். இருவரும் ஒரே அறையில், அருகருகே கிடந்தார்கள்.