பல்லால் கடித்த தோட்டா

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின் நினைவிடங்கள் தில்லி, மீரட், லக்னோ, கான்பூர் ஆகிய நகரங்களில் வாழும் நம்மவர்க்குப் பழக்கமானவை. கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்தது ஒரு தோட்டா என்பதும் யாவரும் அறிந்ததே. அத்தோட்டாவைப் பல்லால் கடிக்க நேர்ந்தது ஏன் என்பதை இங்கே காண்போம்.

அதற்கு முன் சிப்பாய்கள் ஏந்திய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. உருண்டைக் குண்டு அதனுள் எளிதாக இறங்கும். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும். 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் மூன்று முறுக்குப் பள்ளங்கள் இருந்தன. வெடிக்கும்போது நீண்ட ஈயக் குண்டு விரிந்து அப்பள்ளங்களைக் கவ்வும். சுழன்றுகொண்டே நேராகச் செல்லும்.

இனி, கெட்டிக்கும் முறையைக் காண்போம். தோட்டா என்பது மருந்தும் குண்டும் அடங்கிய காகிதச் சுருள். சிப்பாய் ஒரு கையால் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்திருப்பான். ஆதலால், மறுகையிலுள்ள தோட்டாவின் மருந்துப் பக்க நுனியைப் பல்லால் கடித்துத் திறப்பான். மருந்தைக் குழலில் கொட்டுவான். தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டைக் குழல்வாயில் செருகுவான். எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிவான். கம்பியால் குண்டை அடிவரை இறக்குவான். பின்னர்க் கேப்பைப் பொருத்தி, குதிரையை இழுத்து, குறிபார்த்துச் சுடுவான். பயின்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம்.

குண்டு தடையின்றி இறங்கவே அப்பக்கத்துக் காகிதத்தில் கொழுப்புப் பூசினர். அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மனம் புண்பட்டனர். கையால் கிழிக்கலாம் என்று பின்னர் விதி மாறியும் ஐயம் தீரவில்லை. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே எதிர்த்தெழுந்தார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 85 குதிரைவீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு அளிக்கப்பட்டதோ பழைய வகைத் தோட்டாவே! மே 9-இல் அவர்களைப் படையினர் முன்னிலையில் விலங்கிட்டனர். மறுநாள் மீரட் பொங்கியெழுந்தது.

நாடுகளைப் பறித்ததும் படையினரின் குறைகளைப் புறக்கணித்ததும் முன்னரே வெறுப்பை விளைத்திருந்தன. நம்பிக்கை அற்றுப்போன இடத்தில், மாற்றி எழுதிய விதியும் சூழ்ச்சியாகவே தோன்றியது. குழலையும் குண்டையும் நுணுகி ஆராய்ந்தவர்கள், அவற்றைக் கையாள்வோரின் உள்ளத்தை ஆராயத் தவறினர் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.