ஸ்டர்லென் மீது பழி போடாதீர்கள்

“அக்கா, ஸ்டர்லென்ல போய் க்ராஷ் ஆகுது” என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஓர் எழுத்துச் சரத்தின் நீளத்தை எண்ணித் தரும் சி மொழி ஃபங்ஷன் அது. எத்தனையோ ஆண்டுகளாக, எத்தனையோ புரோகிராம்களில் ஓடிப் பழகியது. புரோகிராம் விழுந்தது அங்கேதான், ஆனால் கோளாறு அநேகமாக வேறிடத்தில் இருக்கும். அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவிதான் ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய டீபக்கர். பட்டன்களோ படங்களோ கிடையாது. கட்டளையைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும்.

ஒரு ஃபங்ஷன் வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும், அதன் சொந்த மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதெல்லாம் ஸ்டாக் என்னும் நினைவகப் பகுதியில் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஃபிரேம். ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் குமாஸ்தா, அவசரமாக வேறொன்று வந்தால் பழையதை மூடாமல் அதன் மேலேயே புதியதை விரிப்பாரே, அதுபோல. புரோகிராம் விழும் நொடியில் அத்தனையும் விரித்தபடியே கிடக்கும்.

அண்மையில் வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கும் ஒரு புரோகிராம் விழுந்தது. ‘பிடி’ என்று தட்டினோம். விரிந்து கிடக்கும் ஃபிரேம்களை வரிசையாகக் காட்டும் பேக்டிரேஸின் சுருக்கம் அது. நான்கு வரி வந்தது: 0 ஸ்டர்லென், 1 பார்ஸ்லைன், 2 ரீட்ஃபைல், 3 மெயின். ‘அப்’ என்றால் அழைத்த ஃபங்ஷனுக்குப் போகும். திரையில் அது கீழே உள்ள வரி என்பதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஃபிரேம் எண் கூடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பார்ஸ்லைன் ஃபிரேமில், சொந்த மாறிகளைக் காட்டும் ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ கொடுத்தோம். பெயர் சரியாக இருந்தது. ஊர் என்ற மாறியில் தொலைபேசி எண் உட்கார்ந்திருந்தது. தொலைபேசி என்ற மாறியில் 0x0, அதாவது எதையும் சுட்டாத பாயின்டர். அதைத்தான் ஸ்டர்லென்னிடம் கொடுத்து நீளம் கேட்டிருக்கிறது.

இன்னொரு ‘அப்’. ரீட்ஃபைலின் மாறிகளில், அப்போது படித்துக்கொண்டிருந்த பட்டியல் வரியின் எண் 418. பட்டியலைத் திறந்து அந்த வரியைப் பார்த்தால், ஊர் இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு காற்புள்ளிகள் ஒட்டி நின்றன. வரியைப் பிரித்துக் கொடுத்தது ஸ்டர்டோக். அடுத்தடுத்து வரும் காற்புள்ளிகளை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் எண் ஊருக்கு நகர்ந்தது. காலிக் கட்டத்தையும் மதிக்கும் ஸ்டர்செப்பைப் போட்டதும் சரியாயிற்று. ஸ்டர்லென்னையே முறைத்துக்கொண்டு இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

இப்படிப் பார்க்க, கம்பைல் செய்யும்போதே ‘-ஜி’ சேர்த்திருக்க வேண்டும். வேகத்துக்காக ‘-ஓ2’ போட்டிருந்தால் சில மாறிகளுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்றே பதில் வரும்.

நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் விழும் புரோகிராமுக்கு, லினக்ஸில் ‘யுலிமிட் -சி அன்லிமிடெட்’ என்று முன்கூட்டியே கொடுத்து வைத்தால் விழும் நொடியின் நினைவகப் பதிவான கோர் ஃபைலைச் சேமித்துக்கொள்ள வழி உண்டு. மறுநாள் அதை ஜிடிபியில் திறந்து இதே ஃபிரேம்களில் ஏறி இறங்கலாம். அன்று ஓடிய அதே பைனரியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். நிரலை மாற்றிக் கம்பைல் செய்த புதிய பைனரியோடு பழைய கோரைத் திறந்தால், திரையில் வரும் பெயர்களையும் வரி எண்களையும் நம்ப முடியாது.