மகளுக்கு விடுதி கிடைத்திருக்கிறது



உங்கள் மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்று, வெட்டுப்புள்ளியையும் தாண்டி, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்! அக்கம் பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தாயிற்று. பள்ளிவாசலில் வாப்பாவின் கையைப் பிடித்து வாழ்த்தாதவர்கள் இல்லை. ஆனால் இரவில் விளக்கை அணைத்த பிறகு உங்களுக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் நெஞ்சைக் குடைகிறது. "பிள்ளை எங்கே தங்கப் போகிறாள்?"

இந்தக் கேள்விக்கு விடை காணாமலே, கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்ட வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வாறு விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். பதின்மூன்று வருட உழைப்பு ஒரு கட்டிலுக்கும் ஒரு கூரைக்கும் வழி தெரியாமல் வீணாகலாமா? ஆகவே இந்த விடயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தூரத்துக்குப் போவது ஏன்?

"பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது இவளை ஏன் அவ்வளவு தூரம் போட்டார்கள்?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். எங்கள் நாட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே தீர்மானிக்கிறது. இசட் புள்ளியும், மாவட்ட ஒதுக்கீடும், பிள்ளை தனது விண்ணப்பத்தில் எழுதிய விருப்ப வரிசையும் சேர்ந்துதான் அந்த முடிவு வருகிறது. அதனால் அக்கரைப்பற்றுப் பிள்ளை மாத்தறைக்குப் போகலாம். பேருவளைப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கும் போகலாம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தங்குமிடத்தைப் பற்றிய யோசனை அனுமதிக் கடிதம் வந்த பின் தொடங்குவதல்ல. விண்ணப்பம் நிரப்பும் அன்றே தொடங்க வேண்டியது. அன்று மகளின் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். ஆணைக்குழுவின் கையேட்டை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலப் பயணம்? அங்கே பெண்களுக்கு விடுதி எப்படி?" என்று அன்றே விசாரியுங்கள். பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் அது உங்களுக்கு அதிர்ச்சியாக இராது.

விடுதி என்பது புதிய வழக்கமா?

இல்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே பேராதனை திட்டமிடப்பட்டது. 1952இல் அங்கு இடம்பெயர்வு நடந்தது. ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்ற பெண்கள் விடுதிகளின் பெயர்களை அங்கு படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். வகுப்பில் கற்பது பாதி, வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளோடு ஒன்றாக வாழ்ந்து கற்பது மீதி என்பதே அந்தத் திட்டத்தின் உட்கருத்து.

காலப்போக்கில் மாணவர் தொகை பெருகியது. கட்டில்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. எல்லோருக்கும் விடுதி என்ற நிலை மாறி, விண்ணப்பித்தவர்களில் தெரிவானவர்களுக்கு விடுதி என்றாகிவிட்டது. யுத்த காலத்தில், எங்கள் பிள்ளைகள் படிப்பை இடைநடுவில் விட்டு வர நேர்ந்த அவலத்தின் பின், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவிலிலும் இன்று தூர இடத்துப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள்.

எப்படிக் கிடைக்கிறது?

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி ஒழுங்குகள் உள்ளன. பொதுவாகப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள தூரம். மற்றது, பெற்றோரின் வருமானம். பெரும்பாலும் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமை உண்டு.

பதிவுப் பத்திரங்களோடு விடுதி விண்ணப்பமும் வந்தால் அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், வருமானச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து, இரண்டு மூன்று போட்டோப் பிரதிகளும் வைத்திருங்கள். மகாபொல அல்லது பர்சரி உதவிக்கும் இத்தகைய ஆவணங்கள் தேவைப்படும். முடிவுத் திகதிக்கு முதல் நாள் கிராம சேவகர் லீவில் நிற்பது எங்கள் ஊர்களில் புதுமையல்லவே!

நான் செய்த தவறு

இங்கே எனது சொந்தக் கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். எனது மூத்த மகளுக்கு முதலாம் வருடத்தில் விடுதி கிடைத்தது. நான்தான் பயந்தேன். "அந்நியப் பிள்ளைகளோடு ஒரே அறையிலா?" என்றேன். அந்த நகரத்தில் எங்களுக்குத் தூரத்து உறவு ஒன்று இருந்தது. கட்டிலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் கொண்டு போய் விட்டேன்.

அவர்கள் நல்லவர்கள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா தங்கியிருக்கும் பிள்ளைக்கு ஒரு கூச்சம் இருக்கும் அல்லவா? மகள் காலையில் பாத்திரம் கழுவினாள். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். விருந்தாளி வந்தால் அறையை விட்டுக் கொடுத்தாள். நூலகம் பூட்டும் வரை இருந்து படிக்க முடியவில்லை. இருட்டுமுன் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு வார்த்தை முறைப்பாடு என்னிடம் சொல்லவில்லை. வருட இறுதியில் இரண்டு பாடங்களில் தவறிய பிறகுதான் அழுதழுது சொன்னாள்.

அடுத்த வருடம் விடுதி கேட்டோம். "முதலாம் வருடத்தினருக்கே போதவில்லை" என்று பதில் வந்தது. நான் கைவிட்ட கட்டில் திரும்பக் கிடைக்கவில்லை. போர்டிங் ஒன்று தேடி, இறுதி வருடம் வரை மாதாமாதம் பணம் கட்டினோம். படிப்பை முடித்துவிட்டாள், அல்லாஹ்வுக்கே புகழ். என்றாலும் அந்த முதல் வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் சுடும்.

உறவினர் வீடு எல்லோருக்கும் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தனியாக ஒரு மேசையும், படிக்க நேரமும், கூச்சமில்லாத உறவும் இருந்தால் நல்லதுதான். போர்டிங் என்றால் வீட்டுக்காரரை நேரில் பார்த்துப் பேசுங்கள். கேற்றைப் பூட்டும் நேரம், தண்ணீர் வசதி, குளியலறைக் கதவின் கொண்டி, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் பாதை ஆகிய நான்கையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஆனால் முதலாம் வருடத்தில் விடுதி கிடைத்தால், தக்க காரணமின்றி அதைக் கைவிடாதீர்கள்.

அறைத் தோழி யார்?

இதை நீங்கள் தெரிவு செய்ய முடியாது. பெரும்பாலும் விடுதி அலுவலகம் பெயர்ப் பட்டியல்படி அறையை ஒதுக்கும். எங்கள் பிள்ளையோடு எங்கள் பிள்ளையே இருக்க வேண்டும் என்று விடுதிப் பொறுப்பாளரோடு வாதாடும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

எனது இளைய மகளின் அறையில் நான்கு பேர். அம்பாந்தோட்டையிலிருந்து ஒருத்தி, குருநாகலிலிருந்து ஒருத்தி, பருத்தித்துறையிலிருந்து ஒருத்தி. முதல் வாரம் சுபஹுத் தொழுகைக்கு விளக்கைப் போட இவளுக்குப் பயம். மற்றவர்களின் தூக்கம் கலைந்துவிடுமே என்று இருட்டிலேயே தொழுதிருக்கிறாள். ஒரு நாள் இவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். அம்பாந்தோட்டைப் பிள்ளை தட்டி எழுப்பி, "நங்கி, இன்றைக்கு நீ கும்பிடவில்லையே" என்றாளாம்! இத்தனை நாளும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து விளக்குக்குத் தடையில்லை. இவளது சிங்களமும் அந்த அறையில்தான் திருந்தியது.

எல்லா அறையும் இப்படி அமையாது. மனம் ஒத்துவராத தோழியும் வரலாம். ஆகவே முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டியவற்றை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விளக்கு அணைக்கும் நேரம், அறையைக் கூட்டும் முறை, அலுமாரியில் யாருக்கு எந்தத் தட்டு, கேளாமல் ஒருவர் பொருளை மற்றவர் எடுக்காதிருத்தல் ஆகியவை சின்ன விடயங்கள்தான். பெரிய சண்டைகள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

தொழுகையும் சாப்பாடும்

பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. தொழும் இடம், நோன்பு கால ஏற்பாடு, ஹலாலான சாப்பாடு கிடைக்கும் கடை என்று எல்லாவற்றுக்கும் வழிகாட்ட மூத்த சகோதரிகள் இருப்பார்கள். போகும் முன்னரே அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விடுதிச் சாப்பாட்டில் சந்தேகம் வந்தால் மரக்கறி, மீன், முட்டை என்று சமாளித்துக்கொள்ளலாம். மாசிச் சம்பல் ஒரு போத்தல் கொடுத்தனுப்புங்கள். பாணுக்கும் பருப்புக்கும் அது துணை.

ஒரு எச்சரிக்கை: பல விடுதிகளில் அறைக்குள் மின்சார அடுப்பு, ஹீட்டர் பாவிக்கத் தடை உண்டு. ஸஹர் நேரத்தில் களவாகத் தண்ணீர் கொதிக்க வைத்துப் பிடிபடுவதைவிட, ஒரு பிளாஸ்கில் முன்னிரவே சுடுதண்ணீர் எடுத்து வைப்பது நல்லது.

பகிடிவதை

இதைப் பேசாமல் விட முடியாது. 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்து, இயங்க முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடும் காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை.

சட்டம் இருந்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. ஆகவே மகளிடம் இரண்டு வார்த்தை தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். முதலாவது: "உனக்கு என்ன நடந்தாலும் என்னிடம் சொல். நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பை நிறுத்தவும் மாட்டேன்." வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில்தான் எங்கள் பெண் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. இரண்டாவது: விடுதிப் பொறுப்பாளரிடமும், பீடத்தின் மாணவ ஆலோசகரிடமும் முறையிடலாம், தேவையானால் மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரடியாக முறையிடலாம். அவர்களின் தொலைபேசி இலக்கங்களை முதல் நாளே நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தூங்கினாயா? யாரோடு பேசினாய்?" என்றும் கேளுங்கள். குரல் மாறினால் தாய்க்குத் தெரியாதா? தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

பெட்டியில் என்ன?

நிறைய வேண்டாம். அறையில் இடமிராது. ஒரு படுக்கை விரிப்பு, தலையணை உறை, நுளம்பு வலை, துவாய் இரண்டு, வாளியும் கோப்பையும், நல்ல பூட்டு இரண்டு, டோர்ச், குடை, தொழுகை விரிப்பு, வழக்கமான மருந்துகள், அடையாள அட்டையின் பிரதி. பேராதனை போன்ற குளிர் இடமென்றால் ஒரு கம்பளி. நகை வேண்டவே வேண்டாம்.

வாப்பா மட்டும் கொண்டுபோய் விடட்டும் என்று நீங்கள் வீட்டில் நிற்காதீர்கள். நீங்களும் போங்கள். அவள் படுக்கும் கட்டிலைத் தொட்டுப் பாருங்கள். அறைத் தோழிகளின் உம்மாமாரோடு இரண்டு வார்த்தை பேசி இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்களுக்கும் முந்திய இரவு தூக்கம் வந்திராது.

திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வரும். அழுங்கள், சகோதரியே. அழுதுவிட்டு அவளுக்காக இரு கையேந்தி துஆச் செய்யுங்கள். நீங்கள் இத்தனை வருடம் ஊட்டி வளர்த்த ஒழுக்கமும் தைரியமும் உங்களுக்கு முன்னரே அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.