பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையில்லை

பழைய சோபாவையோ ஸ்கூட்டரையோ விற்பதாக இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார் ஒருவர். கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது. வாங்க வந்தவர் பேரமே பேசாமல், சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்கிறார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், பொருளை எடுக்க ஆள் அனுப்புவதாகவும் சொல்கிறார். “அட்வான்ஸ் அனுப்புறேன் சார். வாட்ஸ்அப்ல ஒரு க்யூஆர் கோடு வந்திருக்கும், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்.” பின்னைப் போட்டதும் விற்பவரின் கணக்கிலிருந்து பணம் போகிறது. பதறிப்போய்க் கேட்டால், “சர்வர் பிரச்சினை, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்கிறது அதே குரல். இரண்டாவது முறையும் பணம் போகிறது.

இந்தியா முழுக்கப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏமாற்று இது. இதில் யாரும் வங்கியின் கணினிக்குள் புகவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. கணக்கின் உரிமையாளரையே பணம் அனுப்ப வைத்திருக்கிறார்கள். இணையவழிப் பண மோசடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எந்தச் செயலால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறும் என்பது தெளிவாகத் தெரிந்தால், இவற்றில் பலவற்றை நாமே தடுத்துவிடலாம்.

பின் நம்பர் எதற்கு?

தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2016-ல் அறிமுகப்படுத்திய யுபிஐ, 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைக் கடந்தது. பூக்காரம்மாவின் கூடையிலும் இளநீர் வண்டியிலும் இன்று க்யூஆர் அட்டை இருக்கிறது. இத்தனை பரவலான முறையின் அடிப்படை விதி ஒன்றுதான். யுபிஐ பின் என்பது காசோலையில் போடும் கையெழுத்து. பணம் கொடுக்கிறவர்தான் அதைப் போட வேண்டும், வாங்குகிறவர் போட வேண்டிய அவசியமே இல்லை. பின்னுக்குப் பதிலாக விரல்ரேகை வைத்தாலும் முகத்தைக் காட்டினாலும் பொருள் அதுவே.

ஆகவே, பணம் வருவதற்காக பின் போடுங்கள், கோடை ஸ்கேன் செய்யுங்கள், லிங்க்கை அழுத்துங்கள் என்று யார் சொன்னாலும், அந்த நொடியிலேயே பேச்சை முடித்துவிடலாம். சொல்கிறவர் வங்கி மேலாளர் என்றாலும், போலீஸ் அதிகாரி என்றாலும் இதில் மாற்றமில்லை.

ஒருவர் இன்னொருவருக்குப் ‘பணம் கேட்கும் கோரிக்கை’ அனுப்பும் வசதி முன்பு யுபிஐ-யில் இருந்தது. மோசடிக்காரர்கள் அதைப் பெரிதும் பயன்படுத்தியதால், தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் கழகம் நிறுத்திவிட்டது. அதற்கு முன், 2025 ஜூன் 30 முதல், பணம் பெறுபவரின் பெயரை வங்கிக் கணக்கில் பதிவானபடியே செயலிகள் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. பின் போடுவதற்கு முன் திரையில் தெரியும் அந்தப் பெயரைப் படிக்கும் பழக்கம் மிக முக்கியம். கடைக்காரரின் க்யூஆர் அட்டை மேல் வேறொரு கோடை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு நடக்கிறது. “அண்ணே, இந்தப் பேர் உங்களதுதானா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், நம் பணமும் தப்பும், அவருடைய அன்றைய வியாபாரமும் தப்பும். கடைக்காரர்களும் வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது. போலித் திரையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. சவுண்ட்பாக்ஸ் அறிவிப்பு அல்லது கணக்கில் ஏறிய தொகை மட்டுமே ஆதாரம்.

அவசரப்படுத்தினால் நிறுத்துங்கள்

“மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்ற குறுஞ்செய்தி சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஏராளமானோருக்கு வந்தது. அதை நம்ப வேண்டாம் என்று மின்வாரியமே எச்சரிக்க வேண்டியிருந்தது. கேஒய்சி காலாவதியாகிவிட்டது, பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, டிராபிக் அபராதம் பாக்கி என்று கதை மாறிக்கொண்டே இருக்கும். யோசிக்கவோ வீட்டில் ஒருவரைக் கேட்கவோ நமக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்ற நோக்கம் மட்டும் மாறாது.

அந்த எண்ணை அழைத்தால், உதவுவதாகச் சொல்லி ஒரு செயலியை ஏற்றச் சொல்வார்கள். அது நம் போன் திரையை அவர்கள் தூரத்தில் இருந்தே பார்க்கவும் இயக்கவும் வழி செய்யும். இத்தகைய செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. இப்போது கல்யாணப் பத்திரிகை, அபராத ரசீது என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள் வருகின்றன. திறந்து நிறுவிவிட்டால், வரும் ஓடிபி-க்களை அது படித்து வெளியே அனுப்பிவிடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது ஒரு செயலியையே போனில் நிறுவும் கோப்பு. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள், அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம்.

உண்மையிலேயே வங்கியோடு பேச வேண்டுமானால், ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணையோ, பாஸ்புக்கில் உள்ள எண்ணையோ அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. அடையாளம் காண இரண்டு புதிய உதவிகளும் உண்டு. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து ‘வங்கி’ பேசினால் சந்தேகப்படுங்கள்.

பட்டாசும் போலிக் கடையும்

தீபாவளி நெருங்கினால் ‘சிவகாசி பட்டாசு, 80 சதவீதத் தள்ளுபடி’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரங்கள் குவிகின்றன. பணம் கட்டியவர்களுக்குப் பட்டாசு வருவதில்லை என்ற புகார்களால், தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இதுபற்றி எச்சரித்திருக்கிறது. இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை விதித்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது.

மற்ற பொருள்களிலும் போலிக் கடையின் அடையாளங்கள் இவையே. நம்ப முடியாத விலை, முழுத் தொகையும் முன்பணம், பொருள் வந்தபின் பணம் தரும் வசதி இல்லாமை, கடைப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு தனிநபரின் பெயரில் யுபிஐ. புதிய கடை என்றால் முதலில் சிறிய தொகைக்கு வாங்கிப் பாருங்கள்.

கார்டு பயன்படுத்துவோருக்கு ரிசர்வ் வங்கி சில கவசங்களைக் கொடுத்திருக்கிறது. 2022 அக்டோபர் முதல் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்துவைக்க முடியாது, அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்றுக் குறியீட்டையே வைத்திருக்க முடியும். 2020 அக்டோபர் முதல், இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே அணைக்கவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் வங்கிச் செயலியில் வசதி உண்டு. வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிட முடியும் என்பதால், தேவைப்படாத நாள்களில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தே வையுங்கள். பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கை யுபிஐ-யோடு இணைக்காமல், செலவுக்கென்று சிறிய கணக்கு ஒன்றை இணைப்பது இன்னும் நல்லது.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். 2021-லிருந்து நாடு முழுவதும் இயங்கும் ஏற்பாடு இது. திருடிய பணம் முதல் கணக்கில் தங்காது. நிமிடக் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாறி, ஏடிஎம்மில் எடுக்கப்படும். புகார் பதிவானதும் தகவல் அந்தந்த வங்கிகளுக்குச் செல்கிறது. அப்போது எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அது முடக்கப்படுகிறது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் செய்யலாம்.

அதோடு உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, ஒப்புகை எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின் அடிப்படை இது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாள்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு எதுவுமில்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இழப்பின் உச்சவரம்பு 10,000 ரூபாய். ஓடிபி-யையோ பின்னையோ நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரையிலான இழப்பு நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்பவருக்கே பாதுகாப்பு. வங்கி 30 நாள்களில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சீக்கிரம் சொல்வதைத் தடுப்பது வெட்கம். “படிச்சவன் ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது” என்று தயங்குகிறவர்களும், பிள்ளைகள் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைக்கும் பெற்றோரும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் பணம் கைமாறிக் கரைந்துவிடுகிறது. ஏமாற்றுவதையே முழுநேரத் தொழிலாகச் செய்பவர்களிடம் சிக்கியவர் முட்டாள் அல்ல, குற்றத்துக்கு ஆளானவர். ஆகவே பெற்றோரின் போனில் 1930-ஐப் பதிந்து கொடுக்கும்போது, “எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க, கோபப்பட மாட்டேன்” என்றும் சொல்லிவையுங்கள். அந்த வாக்கை நம்பி அவர்கள் உடனே சொன்னால், போன பணத்தை மீட்க வழியிருக்கும்.