சூறைக்குருவிக்குக் கணக்கு எழுதும்போது

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கம்பும் சோளமும் பால் பிடிக்கிற பருவத்தில் சம்சாரிகளிடம் அதிகம் திட்டு வாங்குவது சூறைக்குருவிதான். மைனா அளவுப் பறவை. தலை, இறக்கை, வால் கறுப்பு. முதுகும் வயிறும் ரோஜா நிறம். உச்சியில் படிந்த கொண்டை. கூட்டமாக இறங்கினால் கதிரில் மணி மிஞ்சுவது கஷ்டம். அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சீனாவின் சிஞ்சியாங்கில் இதே குருவிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். மத்திய ஆசியப் புல்வெளிதான் இதன் தாய்மண். மே, ஜூனில் பாறை இடுக்குகளிலும் கற்குவியல்களிலும் ஆயிரக்கணக்கில் கூடு வைக்கும். அதுவும் வெட்டுக்கிளி பெருகிய இடமாகப் பார்த்துத்தான். போன வருடம் நிறைந்திருந்த மலைச்சரிவு இந்த வருடம் காலியாகக் கிடக்கலாம். குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் வெட்டுக்கிளிச் சாப்பாடுதான். அதனால் 1980களிலிருந்து அங்கே மேய்ச்சல் நிலங்களில் கல்லைக் குவித்து இவற்றை வரவழைக்கிறார்கள். மருந்தடிக்கும் செலவு குறைகிறது.

குஞ்சு பறக்கத் தொடங்கியதும் ஊரைக் காலி செய்து, ஜூலை, ஆகஸ்டிலேயே வடமேற்கு இந்தியாவுக்குள் வந்துவிடும். கரிசலில் மார்கழி, தையில் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆடு மேயும் தரிசில் கவனியுங்கள்: காலடியில் கிளம்பும் தத்துக்கிளியைக் கொத்தியபடி, பின்வரிசை முன்வரிசையைத் தாண்டிப் பறந்து இறங்கும், உடனே அதையும் தாண்டி அடுத்த வரிசை. பாய் சுருளுவதுபோல் கூட்டமே உருண்டு நகரும். கல்யாணமுருங்கையும் இலவமும் பூத்தால் தேன் குடித்து, மகரந்தம் அப்பிய நெற்றியோடு அடுத்த மரத்துக்குப் போகும்.

வந்த புதிதில் நிறம் மங்கல்தான். இறகு விளிம்பில் இருக்கும் பழுப்பு தேயத் தேய, பங்குனியில் ரோஜா நிறம் பளிச்சிடும். புது இறகு முளைப்பதில்லை. நன்றாக அழகு வந்த நேரத்தில் கிளம்பிவிடுவது நமக்கு நஷ்டம்!

உலக அளவில் இது அழியும் நிலையில் இல்லை. ஆனாலும் கூட்டமாக இரை தேடும் பறவைக்கு ஒரு காட்டில் வைத்த விஷமே போதும். பூச்சிமருந்து இரையையும் கெடுக்கிறது. இரவில் அடையும் கண்மாய்க் கருவேலத்தை அது தங்கியிருக்கும் மாதங்களில் வெட்டாமல் விடலாம். கதிரில் நீண்ட முள் உள்ள கம்பு ரகங்களில் பறவைச் சேதம் குறைவு. பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரை தகரம் தட்டி விரட்டுவதில் தப்பில்லை. அறுத்த பிறகு தாளடியில் இறங்கும் கூட்டத்தை விரட்ட வேண்டியதில்லை. அங்கே அதற்குக் கிடைப்பது சிந்திய மணியும் பூச்சியும்தான்.