உலகில் அரிது, இந்தியாவில் வழக்கம்: .32 ரக கைத்துப்பாக்கி ஏன்?

திருப்பதி மாவட்டம் நாராயணவனத்தில் வசிக்கும் ஒருவர் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்க எண்ணினால், எந்த அளவுத் தோட்டா சிறந்தது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. அதைப் பெரும்பாலும் சட்டமே முடிவு செய்துவிடுகிறது.

பல நாடுகளில் காவல்துறையினர் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம், இந்தியாவில் 'தடை செய்யப்பட்ட குழல் விட்டம்' என்ற பிரிவில் அடங்குகிறது. படையினரின் தோட்டாக்கள் பொதுமக்கள் கைக்கு எளிதில் போய்விடக் கூடாது என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். ஆகவே உரிமம் பெற்றோர் பெரும்பாலும் நாடுவது .32 அங்குல ரகத்தையே. அமெரிக்காவில் 1896-ல் அறிமுகமான இதன் நீண்ட ரிவால்வர் தோட்டா, வெளிநாடுகளில் இன்று குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கு வெளியே அரிதாகவே காணப்படுகிறது. அதன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் பாதிக்கும் குறைவு. சுடும்போது கையில் உணரப்படும் உதைப்பும் குறைவு என்பது ஓர் ஆறுதல்.

பெண்களின் தற்காப்புக்கென 2014-ல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் இதே ரகம்தான். எடை சுமார் 500 கிராம். 2014-ல் அறிமுகமானபோது விலை சுமார் ரூ.1.22 லட்சம். சாமானியப் பெண்களுக்கு எட்டாத விலையாக அது இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பதே ஆபத்தைக் கூட்டும் என்று ஆயுதக் கட்டுப்பாட்டு ஆர்வலர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வாங்கிய பின்னரும் கட்டுப்பாடுகள் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருப்பதும் அவசியம். தேர்தல் காலத்தில் அதே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் நேரலாம்.