அடிச்சுவடும் அனுமானமும்

அறிவு பெறும் வாயில்களை நம் முன்னோர் அளவை என வழங்கினர். அளவைகள் பலவாயினும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. இவற்றுள் நம் வகுப்பறைகள் பெரிதும் வளர்ப்பது உரை ஒன்றையே. நூல் கூறிற்று, ஆசிரியர் கூறினார் என்ற அளவில் மாணாக்கர் அமைந்துவிடுகின்றனர். கண்டதிலிருந்து காணாததை உணரும் கருதலை வடநூலார் அனுமானம் என்பர். புகை கண்டு நெருப்பை உணர்தல் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. சுவடு கண்டு விலங்கை உணர்தலும் அதனோடொப்பதே. சிறார்க்கு இவ்வளவையைப் பயிற்ற அடிச்சுவட்டினும் எளிய கருவி அரிது.

இதற்கு அடர்ந்த காடு வேண்டுவதில்லை. மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்கும் குளக்கரைச் சேறும், கடலோர மணலும், தோட்ட வரம்பும் போதியன. காலைப்பொழுதே ஏற்றது. சாய்ந்து விழும் இளவெயிலிற் சுவட்டின் விளிம்பு நிழல்பட்டுத் தெளிவாய்த் தோன்றும். உச்சிவேளையில் அதே சுவடு எளிதிற் புலனாகாது. தமக்கும் சூரியனுக்கும் இடையே சுவடு அமையுமாறு சிறுவர் நின்று நோக்குதல் வேண்டும்.

சுவடு கண்டவுடன், "இஃது எவ்விலங்கு?" என ஆசிரியர் வினவலாகாது. விரல்கள் எத்தனை, நகக்குறி உண்டா, நீள அகலம் யாது என்றே வினவுக. அடிமட்டத்தால் அளந்து, குறிப்பேட்டில் வரைந்த பின்னரே பெயர் கூற விடுக. நாய்க்கும் பூனைக்கும் நிலத்திற் பதியும் விரல்கள் நந்நான்கே. நாய் தன் நகத்தை உள்ளிழுக்க மாட்டாது. ஆதலின் அதன் நகக்குறி பதியும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடத்தலின் அக்குறி பெரும்பாலும் இராது. வன்னிக் காட்டுச் சிறுத்தைக்கும் இவ்விதி பொருந்தும். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. நெடுந்தீவிலே கட்டின்றித் திரியும் குதிரைகளின் குளம்பு பிளவுபடாதது. உடும்பின் காற்சுவடுகளுக்கிடையே வால் இழுபட்ட கோடு செல்லும்.

முயலின் சுவடு சிறுவரை மயக்குவது. அது பாயும்போது முன்கால்கள் முதலில் ஊன்ற, பின்கால்கள் அவற்றைக் கடந்து முன்னே விழும். ஆகவே நீண்ட பின்காற் சுவடு முன்னும், சிறிய முன்காற் சுவடு பின்னுமாக அமையும். இதனை அறியாதவன் முயல் சென்ற திசையை மாற்றிக் கூறுவான்.

காலமும் கருதற்குரியது. சுவட்டினுள்ளே மழைத்துளி விழுந்த குழிகள் காணப்படின் விலங்கு மழைக்கு முன்னர்ச் சென்றது. துளிக்குழிகளைச் சுவடு அழுத்தி அழித்திருப்பின் மழைக்குப் பின்னர்ச் சென்றது. யானையின் முன்காற் சுவட்டுச் சுற்றளவை இரட்டித்தால் அதன் தோளுயரம் ஏறக்குறையக் கிடைக்கும். ஆயினும், புதுச் சுவடு கண்டவிடத்து அதனை அளக்க நில்லாது சிறாருடன் மீளுதலே அறிவுடைமை.

நாயின் சுவடும் நரியின் சுவடும் பெரிதும் ஒத்தவை. ஒன்றைக் கண்டு, "நரியே" என உரத்துக் கூறும் மாணவனிலும், "நாயாகவோ நரியாகவோ இருக்கலாம், இச்சுவடு கொண்டு துணிதல் இயலாது" என எழுதும் மாணவனே பாராட்டுக்குரியன். சான்று செல்லும் எல்லைவரை சென்று அங்கே நிற்கக் கற்றவன், பிற்காலத்திற் பிறர் உரையையும் அவ்வாறே ஆராய்ந்து கொள்வான்.